குடும்பக் குழுவில் கிட்ஹப் அறிவிப்புச் செயலி

நான்: பலர் சேர்ந்து நிரல் எழுதும் தளமான கிட்ஹப்பின் அறிவிப்புகளைத் தரம் பிரித்துக் காட்டும் டெஸ்க்டாப் செயலியின் முதல் வடிவம் தயார். அக்கா, மாமா, இருவரும் போட்டுப் பாருங்கள்.

சித்தப்பா: அறிவிப்புதான் மின்னஞ்சலிலேயே வருகிறதே தம்பி, தனியாகச் செயலி எதற்கு?

அக்கா: வந்து குவிவதுதான் தொல்லை சித்தப்பா. ஒரு ரெப்போவை, அதாவது ஒரு திட்டத்தின் நிரல் தொகுப்பை, பின்தொடர்ந்தால் அங்கே யார் என்ன பேசினாலும் நமக்கும் வந்து விழும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருவன் தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டால், அவன் வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

நான்: அந்தப் பிள்ளைக்காகத்தான் இதைச் செய்தேன். ஒவ்வோர் அறிவிப்பும் ஏன் வந்தது என்ற காரணத்தையும், செயலிகள் தகவல் கேட்டுப் பெறும் வழியான கிட்ஹப் ஏபிஐ சேர்த்தே அனுப்புகிறது. நிரலைச் சரிபார்க்கச் சொல்லி ரிவ்யூ கேட்டிருந்தாலோ, பெயரைச் சொல்லி அழைத்திருந்தாலோ, வேலையை நம்மிடம் ஒப்படைத்திருந்தாலோ மட்டும் செயலி ஒலி எழுப்பும். பின்தொடர்வதால் வருபவை சத்தமில்லாமல் கீழே சேரும்.

மாமா: பாதுகாப்பு எச்சரிக்கையையும் மேலே வை மச்சான். அது காத்திருக்கக் கூடாது.

நான்: இன்றே சேர்த்துவிடுகிறேன் மாமா.

மாமா: புதிய அறிவிப்பு உண்டா என்று கிட்ஹப்பிடம் எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்கிறாய்? மணிக்கு 5,000 கோரிக்கைதான் வரம்பு.

நான்: எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை பதிலோடு வரும் குறிப்பான எக்ஸ்-போல்-இன்டர்வல் ஹெட்டரில் சர்வரே சொல்லிவிடுகிறது. வழக்கமாக 60 நொடி. முன்பு வந்த லாஸ்ட்-மாடிஃபைட், அதாவது கடைசியாக மாறிய, நேரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் 'மாற்றமில்லை' என்பதற்கான 304 என்று மட்டும் பதில் வரும். அது வரம்புக் கணக்கில் சேராது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அக்கா: வலைப்பக்கத்தையே டெஸ்க்டாப் செயலியாக்கும் எலெக்ட்ரானிலா செய்தாய்?

நான்: இல்லை, அதே வேலைக்கான டாரியில். எலெக்ட்ரான் என்றால் செயலிக்குள் குரோமியம் என்ற பிரவுசர் முழுதும் வந்துவிடும். நாள் முழுதும் திரையின் மூலையில் இருக்கப்போகும் சின்னச் செயலிக்கு அவ்வளவு சுமை தேவையில்லை. டாரி, கணினியில் ஏற்கெனவே உள்ள, வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவையே எடுத்துக்கொள்கிறது.

அக்கா: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வெப்வியூ வேறு வேறு. ஒன்றில் சரியாகத் தெரிவது இன்னொன்றில் கலைந்துபோகும். என்னிடம் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது, அனுப்பு; நான் பார்த்துச் சொல்கிறேன்.

மாமா: கிட்ஹப்புக்குள் நுழையும் சாவியான டோக்கனை எங்கே வைக்கிறாய்?

நான்: கோப்பில் எழுதுவதே இல்லை. கணினியின் ரகசியப் பெட்டகத்தில்தான்: மேக்கில் கீசெயின், விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர். ஒரே மனக்குறை, இந்த ஏபிஐ பழைய கிளாசிக் டோக்கனைத்தான் ஏற்கிறது. அதனால் டோக்கன் எடுக்கும்போது நோட்டிஃபிகேஷன்ஸ் அனுமதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். ரெப்போ அனுமதியைத் தராதீர்கள்.

சித்தப்பா: செயலியில் படித்ததை கிட்ஹப் தளத்திலும் போய்ப் படித்ததாகக் காட்ட வேண்டுமா?

நான்: வேண்டாம் சித்தப்பா, இங்கே குறித்தாலே அங்கேயும் மாறிவிடும்.

அம்மா: இரவில் ஒலிக்காதே? அக்கா வீட்டில் குழந்தை தூங்க வேண்டும்.

நான்: 9 மணிக்கு மேல் ஒலி நின்றுவிடும் அம்மா.

அக்கா: அந்த நேரத்தை அவரவர் மாற்றிக்கொள்ளும்படி வை. எங்கள் வீட்டில் 7 மணிக்கே நிற்க வேண்டும்.