மறு: கௌபாய் – தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

தெ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க மாட்டுத் தொழில் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் துணைவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1866 தொடங்கிச் சுமார் 20 ஆண்டு, டெக்சஸ் மாடுகளைக் கான்சஸ் ரயிலடிகளுக்கு நடத்திக்கொண்டு போன ஆட்களின் கதை. டெக்சஸில் 4 டாலருக்குக் கிடைத்த மாடு வடக்கே 40 டாலர் வரை போயிற்று. அதற்காகத்தான் அத்தனை நடையும். துப்பாக்கிச் சண்டை ஒன்றுகூடப் படத்தில் இல்லை. ஆனால் 'கௌபாய்' என்று போட்டால் நம்மவர் மனதில் ஜெய்சங்கரும் காமிக்ஸும் வந்து நிற்கிறார்கள். வேறு சொல் உண்டா? அப்படியே டிரெயில் டிரைவ் (மாடுகளை இப்படி நடத்திப் போவது), டிரெயில் பாஸ் (அந்தப் பயணத்தின் தலைவர்), டிராக் ரைடர் (மந்தையின் கடைசியில் வருபவர்), சக்வேகன் (கூடவே போகும் சமையல் வண்டி) இவற்றுக்கும் சொல் வேண்டும். வரிக்கு 30 எழுத்துக்கு மேல் இடமில்லை.

செ. எழுதியது:

தம்பி, தேடவே வேண்டாம். கோவலர். 'கொடுங்கோற் கோவலர் பின்னின் றுய்த்தர' என்று முல்லைப்பாட்டில் இருக்கிறதே. தாம்பில் கட்டுண்டு தவிக்கும் கன்றுகளிடம், கோவலர் பின்னின்று ஓட்டிவர உங்கள் தாயர் இதோ வந்துவிடுவர் என்கிறாள் ஆய்மகள். உங்கள் டிராக் ரைடர் செய்வதும் பின்னின்று உய்ப்பதுதான். ஆகவே அவர் பின்னுய்ப்பர். நிரை என்றால் மாட்டுக் கூட்டம், டிரெயில் டிரைவ் நிரையுய்ப்பு. முடிந்தது.

வ. எழுதியது:

ஐயா, முடியவில்லை. பின்னுய்ப்பர் என்றால் எங்கள் ஊரில் ஏதோ வியாதி என்று நினைப்பார்கள். மாட்டைப் 'பத்திக்கிட்டுப் போறது' என்போம், அவ்வளவுதான். முல்லைப்பாட்டில் மாடு பொழுது சாயும்போது கன்றிடம் திரும்புகிறது. இங்கே மாடு திரும்பவே திரும்பாது, ரயிலேறிக் கசாப்புக்குப் போகிறது. பாட்டின் உயிரே திரும்பி வருவதில்தானே இருக்கிறது?

டிராக் ரைடர் என்றால் கடைசியில் வரும் ஆள். இரண்டாயிரம், மூவாயிரம் மாட்டின் புழுதி முழுவதும் அவன் மூக்கில். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, பின்தங்கும் கன்றையும் நொண்டி மாட்டையும் தள்ளிக்கொண்டு வருவான். புதுப்பையனுக்குத்தான் பெரும்பாலும் அந்த இடம். 'கடைக்காவல்' போதாதா?

டிரெயில் பாஸுக்கு ராமநாதபுரத்துக் கீதாரி, ஆட்டுமந்தைத் தலைவர், இருக்கிறார். முன்னால் போய்த் தண்ணீர் எங்கே, ராத்திரி எங்கே கிடத்துவது என்று பார்த்து வருகிறவர். இரண்டு பேர் வேலையும் ஒன்றுதான்.

பூ. எழுதியது:

கீதாரிக்கு என் வாக்கு. கோவலர், ஆயர், இடையர் மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. அவை குடிப்பெயர்கள், மாடும் அவர்களுடையது. கௌபாய் மாதம் 25 முதல் 40 டாலர் வாங்கிய கூலியாள். ஏறிய குதிரைகூடப் பெரும்பாலும் முதலாளியுடையது. சேணம் மட்டும் சொந்தம், அதற்கே ஒரு மாதச் சம்பளம் போதாது. ஏறக்குறைய 4 பேரில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு. அடிமைத்தளை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களோ மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான வக்கேரோக்கள். லாசோ, ராஞ்ச், ரோடியோ எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்தவை. 1883இல் டெக்சஸின் வடகோடியில் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தமே செய்து தோற்றிருக்கிறார்கள். சொல்லில் 'ஆள்' இருக்க வேண்டும். பண்ணையாள் போல, மாட்டாள்.

சக்வேகன் சமையல் வண்டிதானே. சார்லஸ் குட்நைட் 1866இல் பழைய ராணுவ வண்டியின் பின்புறம் இழுப்பறைப் பெட்டியைப் பொருத்தி, அதன் கதவைக் கீழே சாய்த்தால் மேசை ஆகும்படி செய்தார். இதற்கும் சங்கச் சொல் தேடாதீர்கள்.

தெ. எழுதியது:

அக்கா, இரவுக்காவல் காட்சி ஒன்று இருக்கிறது. மாடு மிரண்டு ஓடாமலிருக்க இரண்டு பேர் எதிரெதிராகச் சுற்றி வந்து மெல்லப் பாடுகிறார்கள். உங்கள் சொல்லைப் போட்டால் வரி இப்படி வருகிறது: 'மாட்டாள் இன்று தூங்கமாட்டான்.'

பூ. எழுதியது:

சிரித்து மாளவில்லை. சரி, நிரையாள்.

வ. எழுதியது:

நிரை என்றதும் பிள்ளைகளுக்கு நேர் நிரைதான் ஞாபகம் வரும். அடிப்பவர் கைதவறி 'நிறையாள்' ஆக்குவார். அப்புறம் கருவுற்ற பெண்ணா என்று கேள்வி வரும்.

செ. எழுதியது:

வக்கேரோ என்றதும் பொறி தட்டியது. ஸ்பானியத்திலும் லத்தீனிலும் பசு 'வாக்கா'. நம் 'ஆ' வகர உடம்படுமெய் பெற்று 'வா' ஆனது தெளிவு. 'கா' காத்தல். ஆவைக் காப்பவன் ஆகா, வாக்கா. ஆக வக்கேரோவே தமிழன்!

வ. எழுதியது:

ஆகா! ஐயா, உடம்படுமெய் இரண்டு உயிருக்கு நடுவில் வருவது. சொல்லின் தலையில் எப்படி வந்து உட்காரும்? காப்பவன் எப்படிப் பசுவானான்? கோவலரின் 'கோ' வடமொழி என்போரும் உண்டு. வடமொழிக் கோவும் ஆங்கிலக் 'கௌ'வும் ஒரே வேர். கௌபாயை வாசலில் நிறுத்திவிட்டு அவன் பங்காளியைப் பந்தியில் உட்கார வைக்கிறீர்களோ?

செ. எழுதியது:

கோ தமிழே. கோன், கோனார் எங்கிருந்து வந்தன? விரிவாக எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:

விரிவாக வேண்டாம், தனி இழை தொடங்குங்கள். டிரெயில் டிரைவ் இன்னும் பாக்கி. 'மந்தை ஓட்டம்' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார்.

பூ. எழுதியது:

ஓட்டம் கூடவே கூடாது. நாளுக்குப் 10, 15 மைல்தான், மேயவிட்டு மேயவிட்டு. விரட்டினால் எடை குறையும், விற்கும் இடத்தில் விலை விழும். ஓடினால் அதற்குப் பெயர் ஸ்டாம்பீட், எல்லோரும் நடுங்கியது அதற்குத்தான். 'மந்தை நடை' என்று வையுங்கள்.

தெ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று அனுப்பியாக வேண்டும். மந்தை நடை, கடைக்காவல், சமையல் வண்டி மூன்றும் படத்துக்குள் போய்விட்டன. கீதாரி எனக்குப் பிடித்திருந்தது. படம் கொடுத்தவர்களுக்குப் புரியவில்லை, 'தலைவர்' ஆக்கிவிட்டார்கள். கௌபாய் கௌபாயாகவே இருக்கிறார். சம்பளம் பேசும் காட்சிகளில் மட்டும் 'மாட்டுக் கூலியாட்கள்'.

வ. எழுதியது:

அதுவே போதும் தம்பி.

செ. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'ஆகா' பற்றிய தனி இழையை இன்றிரவு தொடங்குகிறேன்.