பூஜைப் பொருள் கடைக்கு எல்லோரிடமும் கொள்முதல் செய்வது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். திரி, விபூதி, சாம்பிராணி எல்லாம் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குகிறேன். சுயஉதவிக் குழுப் பெண்கள், பட்டியலினத்தவர் நடத்தும் சிறு தொழில்களிடமும் வாங்க மனசார ஆசை. சாமிக்குப் போகிற பொருளில் யார் கை பட்டது என்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது. எங்கே தொடங்கலாம்?

பதில் 1: நல்ல காரியம் அண்ணா. மத்திய அரசுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு. அதற்குள் பட்டியலின, பழங்குடியினருக்கு 4, பெண்களுக்கு 3. தனியார் கடைக்குக் கட்டாயமில்லை, ஆனால் இலக்காக வைக்கலாம்.

பதில் 2: எங்கள் குழு விளக்குத் திரி போடுகிறது தம்பி. பஞ்சு ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். கடைக்காரர் மூன்று மாதம் இழுத்தால் அடுத்த மூட்டை வாங்க முடியாது. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ளவர்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். சின்ன ஆர்டர் போதும், மாதம் தவறாமல் கொடுங்கள்.

பதில் 3: பத்தமடைப் பாயைப் பாருங்கள். முஸ்லிம் குடும்பங்கள் நெய்வது. இந்துக் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டே வாங்குகிறார்கள்.

கேட்டவர்: சரிக்கா, திரியிலேயே தொடங்குகிறேன். சரக்கு இறங்கிய வாரமே பணம். கார்த்திகைக்கு எவ்வளவு தர முடியும்?