எண் வரிசைக்கு இரண்டு விதி: தனித்தனியே என்ன பெயர்?

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு வீட்டுப்பாடத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 4, 7, 10, 13 என்று கொடுத்து ‘விதியைக் கண்டுபிடி’ என்றால் பிள்ளைகள் ‘3 கூட்டு’ என்று எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் நூறாவது எண் என்ன என்று கேட்டால் 99 தடவை கூட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே வேண்டியது வேறு விதி: எத்தனையாவது இடமோ அதை 3ஆல் பெருக்கி 1 கூட்டு. 301 உடனே வந்துவிடும். இரண்டையும் வெறுமனே ‘விதி’ என்றால் நான் எதைக் கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பெயர் சொல்லி உதவுங்கள்.
– திண்டுக்கல் ஆசிரியை

அம்மா, முதல் வகைக்கு ‘அந்தாதி விதி’ என்று வையுங்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குகிறது; இங்கேயும் வந்த விடையில்தான் அடுத்த கணக்கு தொடங்குகிறது. காரைக்கால் அம்மையார் அந்தாதி பாடிய காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல். யாப்பிலேயே நல்ல உதாரணமும் உண்டு. ஓரசைச் சீருக்கு வாய்பாடு (அசை அமைப்பைக் குறிக்கும் பெயர்) 2, ஈரசைக்கு 4, மூவசைக்கு 8, நாலசைக்கு 16. எந்தச் சீரின் பின்னாலும் நேரசை வரலாம், நிரையசை வரலாம். அதனால் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. தேமா ஒன்றிலிருந்தே தேமாங்காயும் தேமாங்கனியும் பிறப்பதைக் கரும்பலகையில் காட்டினால் விதி மட்டுமல்ல, அதன் காரணமும் பிள்ளைக்குத் தெரியும். இரண்டாவது வகைக்கு ‘சூத்திரம்’. சில எழுத்தில் பல பொருளைக் கண்ணாடிபோல் செறித்துக் காட்டுவது என்று நன்னூல் அதற்கு இலக்கணம் சொல்கிறது.
– தஞ்சை, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

ஐயா, அந்தமும் ஆதியும் வடசொல். நூற்பா என்ற சொல் இருக்கச் சூத்திரம் எதற்கு? ‘விதி’யையும் விட்டுவிட்டு ‘நெறி’ என்போம். ஈற்றுமுதல் நெறி, இடநெறி. ‘ஈறு’ அருமையான சொல்: இறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈறு ஆயிற்று, பெறு பேறு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல. இறுதி என்பதும் அதே வேர்தான். கணக்குத் தாளில் இப்படி ஒரு சொல் வந்தால் பிள்ளைக்கு இலக்கணமும் சேர்ந்து வரும்.
– கோவை

‘ஈற்றுமுதல் நெறி’யைப் பதினொரு வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்துப் படிக்கும்? நெறி என்றால் அறநெறிதான் நினைவுக்கு வரும். தமிழ் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. புரியாத சொல்லைக் கொடுத்தால் பிள்ளை ஆங்கிலச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும்.
– மதுரை

இலங்கைப் பாடநூல்களில் இந்தப் பாடத்துக்கே ‘எண் கோலங்கள்’ என்றுதான் பெயர். ‘அமைப்பு’ என்பதைவிட எனக்கு அது பிடிக்கும். 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி என்றாலே கோலத்தின் விதி முழுதும் வந்துவிடுகிறதே! நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4, மொத்தம் 37. அதையே 1, 3, 5, 7 என்று நடுவரிசையை வளர்த்துப் பார்த்தால் 1, 7, 19, 37.
– யாழ்ப்பாணம்

கோலம் அழகு, ஆனால் கேட்டது அதுவல்ல. அந்தாதிக்கு எனக்கு ஒரு தடை உண்டு: அந்தாதி நூல் மண்டலித்து முதலுக்கே திரும்பும். 4, 7, 10 திரும்பாது.

இன்னொன்று, பெயரைவிட முக்கியம். தஞ்சை ஐயாவின் 2, 4, 8, 16ஐ எடுங்கள். வட்டத்தின் மேல் 2 புள்ளி வைத்து ஒரு கோட்டால் இணைத்தால் 2 துண்டு. 3 புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் 4. 4 புள்ளிக்கு 8, 5க்கு 16. உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி 6 புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது 31தான், 32 அல்ல. நான்கு எண்ணைக் காட்டி ‘விதியைக் கண்டுபிடி’ என்பது சரியான கேள்வியே இல்லை. ‘பொருந்தும் ஒரு விதியை எழுது’ என்று கேளுங்கள். வேறு விதி எழுதி அது பொருந்தினால் மதிப்பெண் கொடுங்கள்.
– சென்னை, கணிதத் துறை

எல்லாருக்கும் நன்றி. கேள்வியை மாற்றிவிட்டேன். தாளில் ‘முன்னெண் விதி’, ‘வரிசையெண் விதி’ என்று போடுகிறேன். எதை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. பிள்ளைகளே விதி உருவாக்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கும் பகுதியும் உண்டு; அதில் இரண்டு வகையையும் கேட்டிருக்கிறேன். சூத்திரத்தை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்வோம்.
– திண்டுக்கல்

எனக்கும் சம்மதம்.
– மதுரை

‘விதி’க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– கோவை

அச்சுக்குக் கொடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் 1, 1, 2, 3, 5, 8 வரிசைக்கு முன்னெண் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்போது ‘முன்னெண்கள் விதி’ என்பீர்களா? அந்தாதிக்கும் அங்கே இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இந்த இழையை மூட வேண்டாம்.
– தஞ்சை