யார் அந்த ராபர்ட்?

தலைவர்கள் கையெழுத்திட்ட படம் வாங்கி ஏமாந்தவர்கள் வரிசையில் நானும் ஒருவன்.

அட்லாண்டாவில் வேலை பார்த்த நாட்களில் ஒரு பழம்பொருள் சந்தையில் அந்தப் படம் கண்ணில் பட்டது. 1979 மார்ச் 26, எகிப்து–இஸ்ரேல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான நாள். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் எகிப்து அதிபர் சதாத், அமெரிக்க அதிபர் கார்ட்டர், இஸ்ரேல் பிரதமர் பெகின் மூவரும் கைமேல் கை வைத்துக் குலுக்குகிறார்கள். கீழே நீல மையில் ஜிம்மி கார்ட்டர் என்று முழுக் கையெழுத்து. மூவரும் போட்டது கிடைப்பது குதிரைக்கொம்பு. 1981 அக்டோபரிலேயே சதாத்தைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களே, அந்தப் படத்தில் கையெழுத்திட அவருக்குக் கிடைத்ததே இரண்டரை வருடம்தான். ஒருவருடையதாவது சிக்கியதே என்று 300 டாலர் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை.

அங்கே பழக்கமான பெரியவர் ஒருவர் நெடுநாள் சேகரிப்பாளர். தன்னிடமிருந்த கார்ட்டர் கடிதம் ஒன்றை எடுத்து வந்தார். என் படத்தின் கையெழுத்தை ட்ரேசிங் பேப்பரில் படியெடுத்து அதன்மேல் வைத்தோம். முதல் சுழியிலிருந்து கடைசி எழுத்து வரை மயிரிழை விலகவில்லை. அப்பாடா, அசல் என்று நான் மூச்சு விட்டேன். அவர் சிரித்தார். “ரெண்டும் இப்படிப் பொருந்தினா, போட்டது மனுஷன் இல்லை தம்பி.”

ஆட்டோபென். மாதிரிக் கையெழுத்தைப் பார்த்து நிஜப் பேனாவை ஓட்டுகிற இயந்திரம். மை அசல், கைதான் இல்லை. லென்ஸில் பார்த்தால் கோடு முழுக்க ஒரே தடிமன், தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் பேனா அழுந்தி நின்ற புள்ளி. தலைவர்களின் அலுவலகங்களில் இது சர்வ சாதாரணமாம். எனக்குத்தான் புதுசு.

என் முகம் தொங்கியதைப் பார்த்தோ என்னவோ, கார்ட்டர் கைப்பட எழுதிய சில படங்களின் கதையைச் சொன்னார். 1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் 13 நாள் பேச்சுவார்த்தை. சதாத்தும் பெகினும் முகம் பார்த்துப் பேச முடியாமல் போனதால், கார்ட்டரே குடிலுக்குக் குடில் அலைந்தார். கடைசி நாள், ஜெருசலேம் பற்றி அமெரிக்கா தரவிருந்த ஒரு கடிதத்தால் எல்லாம் உடைகிற நிலை. மூவரும் இருக்கும் படங்களில் தன் பேரப்பிள்ளைகளுக்காகக் கையெழுத்து வேண்டும் என்று பெகின் முன்பே கேட்டிருந்தார். சதாத் போட்டுக் கொடுத்துவிட்டார். கார்ட்டரின் செயலாளர் சூசன் க்ளஃப், பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து வாங்கி வந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒரு பெயர் எழுதி, தானே எடுத்துக்கொண்டு பெகினின் குடிலுக்கு நடந்தார்.

பெகின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மேலே இருந்த படத்தில் பேத்தியின் பெயர். அதை வாய்விட்டுப் படித்தார். அடுத்ததை எடுத்தார், அதையும் படித்தார். உதடு நடுங்கி, கண் கலங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளைப் பற்றியும் போரைப் பற்றியும் இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். படம்தான் சமாதானம் செய்தது என்று சொன்னால் அது மிகை. கடிதத்தின் வாசகத்தையும் கார்ட்டர் மாற்றித்தான் கொடுத்தார். பெகின் ஒத்துக்கொண்டார். அன்று இரவே வெள்ளை மாளிகையில் கேம்ப் டேவிட் உடன்பாடு கையெழுத்தானது. என் படத்தில் இருக்கும் 1979 ஒப்பந்தம் அதன் தொடர்ச்சிதான்.

இதில் வேடிக்கை, நம் சந்தையில் பெயர் எழுதிய படத்துக்குத்தான் விலை குறைவு. யாரோ ஒருவரின் பெயர் எதற்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் நான் அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றையே தேடி வாங்கினேன். அதே மூவர் குலுக்கல். ‘ராபர்ட்டுக்கு’ என்று கார்ட்டர் எழுதியது, கடைசி எழுத்தில் மை லேசாக இழுபட்டிருக்கிறது. பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதல் படத்துக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

இப்போது வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சதாத்தையும் பெகினையும் கேட்பதில்லை. “யார் அந்த ராபர்ட்?” என்றுதான் கேட்கிறார்கள்.