நெட் இல்லை என்று காணொளி அழைப்பில் சொன்னவர்

முதல் பகிர்வு

நண்பர்களுக்கு வணக்கம். இணையத்தைப் பழகத் தொடங்கியபோதோ, பிறருக்குப் பழக்கிவிட்டபோதோ நேர்ந்த அனுபவங்களை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

அறுபது வயதுக்கு மேல் கணினியைத் தொட்ட என் அத்தை, ஒரு நாள் காலையில் அழைத்து, "நேற்று ராத்திரியிலிருந்து நெட் இல்லை, ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது" என்றார். அப்படிச் சொன்னபோது அவருடைய முகம் என் கைபேசித் திரையில் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் நகர்வதுகூடத் தெரிந்தது. இணையம் இல்லை என்ற புகாரை இணையத்தின் வழியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே ஒரு நிமிடம் பிடித்தது. "அத்தை, இப்போது நீங்கள் என்னைப் பார்ப்பது எதன் வழியாக?" என்று கேட்டேன். "இது போன். நான் சொல்வது நெட்" என்று பதில் வந்தது.

அவரைப் பொறுத்தவரை உலாவியில், அதாவது பிரௌசரில், திறக்கும் பக்கம் மட்டுமே நெட். மின்னஞ்சல் என்பது மெயில், அழைப்பு என்பது போன். மூன்றும் ஒரே வலையமைப்பின் மேல் ஓடும் தனித்தனிச் சேவைகள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லப்போனால், வருடக்கணக்கில் இணையத்தைப் பயன்படுத்துகிறவர்களிலும் பலர் இந்த இடத்தில் அத்தையைப் போலத்தான் இருக்கிறார்கள். வெவ்வேறு வகைக் கணினி வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான டிசிபி, ஐபி என்னும் விதிமுறைகளுக்கு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. உலாவியில் நாம் பார்க்கும் வலையையோ, ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டில்தான் முன்மொழிந்தார். மின்னஞ்சல் அதற்கும் முந்தியது. ரே டாம்லின்சன் 1971ஆம் ஆண்டிலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்பிவிட்டார். வலை பிறக்கும் முன்பே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னபோது அத்தை நம்பவில்லை.

அன்று மாலை நேரில் போனேன். கைபேசியும் கணினியும் ஒரே ரூட்டரின் வைஃபையில்தான் இருந்தன. ஒன்றில் எல்லாம் வர, மற்றொன்றில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் என்ற கட்டளையோடு 8.8.8.8 என்ற எண்ணைத் தட்டினேன். தளங்களின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் கூகுளின் பொதுப் பெயர்ச் சேவைக்கு உரிய எண் அது. நான்கு வரிகளில் நான்கு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் 32 பைட், சில மில்லிவிநாடிகளில். வலையமைப்பு உயிரோடுதான் இருந்தது. அதே கட்டளையோடு ஒரு தளத்தின் பெயரைத் தட்டியபோது, அப்படி ஒரு பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறிகின்றன. 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதும் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் உண்டு. நாம் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று நம் கணினி முதலில் ஒரு பெயர்ச் சேவையகத்தை, அதாவது அந்த வேலைக்கான சர்வரை, கேட்கிறது. தொடக்கத்தில் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் பராமரிக்கப்பட்டன. மற்றவர்கள் அதைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்காது என்று ஆனபோது, பால் மோக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் இப்போதைய பரவலான பெயர் முறையை வடிவமைத்தார். அத்தையின் கணினியைப் பழுது பார்த்த யாரோ, அமைப்புகளுக்குள் ஒரு பெயர்ச் சேவையகத்தின் எண்ணைக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சேவையகம் முந்தைய நாள் இரவில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. கைபேசி மட்டும் ரூட்டர் தானாகக் கொடுத்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. கணினியையும் அப்படியே மாற்றினேன், பக்கங்கள் திறந்தன. பழுது நீங்க அரை நிமிடம், காரணத்தை அத்தைக்கு விளக்க ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது பகிர்வு

உங்கள் அத்தைக்கு நடந்தது பரவாயில்லை. எனக்கு நடந்தபோது நான் திருட்டு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக் கணினியில் மின்னஞ்சலுக்கென்று தனி மென்பொருள் ஒன்றை நிறுவியிருந்தேன். வெளியூர்ப் பயணத்தின்போது வேறொரு கணினியின் உலாவியில் என் அஞ்சல் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு மடல்கூட இல்லை. முந்தைய ஆண்டுகளின் மடல்களும் இல்லை. அன்று காலை ஒருவர் அனுப்பிவிட்டதாகத் தொலைபேசியில் உறுதியாகச் சொன்ன மடலும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றினேன், மறுநாளும் பெட்டி காலியாக இருக்கவே மீண்டும் மாற்றினேன். இரண்டாம் முறை மாற்றிய பிறகு புதிய மடல்கள் பெட்டியில் தங்கத் தொடங்கியதால், திருடனைத் துரத்திவிட்டதாகவே நம்பினேன்.

ஊர் திரும்பிக் கணினியின் முன் உட்கார்ந்தபோது, திருடன் அங்கே இருந்தான். மகன் விளையாடிவிட்டுக் கணினியை அணைக்காமல் விட்டதால், என் அஞ்சல் மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவையகத்துக்குப் போய், வந்திருந்த மடல்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, அங்கே இருந்ததை அழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. முதல் முறை நான் மாற்றிய கடவுச்சொல்லை, திரையில் அது கேட்டதும் மகனே என்னிடம் தொலைபேசியில் கேட்டு உள்ளிட்டிருக்கிறான்; அவன் எதற்குக் கேட்கிறான் என்று அப்போது நானும் யோசிக்கவில்லை. இரண்டாம் முறை அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் அப்படி மடல்களை எடுத்து வந்தது பாப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விதிமுறையின்படி. தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இணைந்த காலத்தில், சேவையகத்தில் இடம் குறைவு, இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. ஆகவே சட்டென்று இணைந்து, மடல்களை வாரிக்கொண்டு, தொடர்பைத் துண்டிப்பதே அன்றைக்கு முறையாக இருந்தது. ஐமேப் என்னும் விதிமுறையில் மடல்கள் சேவையகத்திலேயே இருக்க, நம் கருவிகள் அவற்றைப் பார்க்க மட்டும் செய்கின்றன. கைபேசி, கணினி இரண்டிலும் ஒரே பெட்டியைப் பார்க்க விரும்புகிறவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில், சேவையகத்தில் ஒரு பிரதியை விட்டுவைக்கவும் என்று ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் குறியிடாமல் விட்டது நானேதான்.

மூன்றாவது பகிர்வு

என்னுடையது சிறியது, ஆனால் வெட்கக்கேடானது. உலாவி, தேடுபொறி, தளம் ஆகிய மூன்றும் வேறு வேறு என்பதை நான் ஏமாந்த பிறகே தெரிந்துகொண்டேன். எந்தத் தளத்துக்குப் போவதானாலும் அதன் பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதலில் வருவதைச் சொடுக்குவதே என் வழக்கமாக இருந்தது. ஒரு நாள் முதலில் வந்தது விளம்பரம். திறந்ததும் வழக்கமான பக்கத்தைப் போலவே இருந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தேன், இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, ஆங்கில எல் எழுத்து வர வேண்டிய இடத்தில் 1 என்ற எண் இருந்தது. எனக்கும் அந்த முகவரிக்கும் இடையே போவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே பூட்டுச் சின்னம் பொறுப்பு. அந்த முகவரிக்கு உரியவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை. இப்போது முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறேன். காம், ஆர்க் போன்ற கடைசிச் சொல்லுக்குச் சற்று முன்னால் நிற்பதே உண்மையான உரிமையாளரின் பெயர்; அதற்கும் இடப்பக்கத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அவர் எழுதிக்கொள்ளலாம்.

நான்காவது பகிர்வு

எனக்கு அனுபவத்தோடு ஒரு சந்தேகமும் இருக்கிறது. பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாகக் கட்டி, தங்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கோப்பின் அளவு 20 மெகாபைட். 25 மெகாபைட் வரை அனுப்பலாம் என்று அந்தச் சேவையின் உதவிப் பக்கமே சொல்கிறது. இருந்தும் அளவு மீறிவிட்டதாகச் சொல்லி மடல் திரும்பி வந்தது. மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் திரும்பியது. கணக்குத் தெரியாதது எனக்கா, சேவையகத்துக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. இங்கே யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மீண்டும் முதல் பகிர்வை எழுதியவர்

அம்மா, உங்கள் கணக்கும் சரி, சேவையகத்தின் கணக்கும் சரி. மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் சுமப்பதற்காகப் பிறந்தது. படத்தையோ பாட்டையோ சுமக்க அதற்குத் தெரியாது. 1992ஆம் ஆண்டில் மைம் என்ற முறை வகுக்கப்பட்டபோது, எந்தக் கோப்பையும் எழுத்துகளாக மாற்றி மடலுக்குள் வைத்து, மறுமுனையில் மீண்டும் கோப்பாக ஆக்கிக்கொள்ள வழி செய்தார்கள். அந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்காக விரிகிறது. உங்கள் 20 மெகாபைட் கோப்பு வழியில் 26 மெகாபைட்டைத் தாண்டியிருக்கும். எல்லை 25 என்று எழுதியிருந்தால், கோப்பு 18 மெகாபைட்டுக்குள் இருப்பதே நல்லது. அதற்கு மேற்பட்டதை இணையச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றிவிட்டு, அதன் சுட்டியை மட்டும் மடலில் அனுப்புங்கள். தங்கை தமக்கு வேண்டியபோது இறக்கிக்கொள்ளலாம். கோப்புகளை இடம் மாற்றுவதற்கென்றே எஃப்டிபி என்ற தனிச் சேவையை அபய் பூஷண் 1971ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடலையும் மூட்டையையும் வேறு வேறு வண்டிகளில் அனுப்பும் எண்ணம் அவ்வளவு பழையது.

பெட்டியைக் காலி செய்த மகனின் தந்தைக்கு ஒரு வார்த்தை: பையனைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தை எப்படி இருக்கிறார் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். சென்ற வாரம் மறுபடியும் காணொளியில் அழைத்தார். "உலாவியில் பக்கம் திறக்கவில்லை. மெயில் புதிதாக எதுவும் வரவில்லை. அந்தக் கறுப்புத் திரையில் எண்ணைத் தட்டிப் பார்த்தேன், நான்கு வரியும் பதில் வருகிறது. நீயும் தெரிகிறாய்" என்றார். பிறகு நான் வாயைத் திறப்பதற்கு முன், "பெயர்ச் சேவையகம்தானே?" என்று கேட்டார்.