நைட் டியூட்டியோடு தையல் வேலையும் பார்க்கும் நர்ஸ்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மெடிக்கல் வார்டில் 9 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஆறு மாதமாக வீட்டில் ஆல்ட்ரேஷன் தையலும் செய்கிறேன். வார்டிலும் ஊசி, வீட்டிலும் ஊசியா என்று கிண்டல் செய்கிறார்கள். ஆனால் ஜிப் மாற்றி, ஓரம் மடித்து வைத்த துணி நடுராத்திரியில் பெல் அடித்துக் கூப்பிடாது. பணத்தைவிட அந்த நிம்மதிதான் விட மனமில்லாமல் செய்கிறது.

சிக்கல் தூக்கத்தில். போன வாரம் நைட் முடித்து வந்து, ஒரே ஒரு பேண்ட்தானே என்று உட்கார்ந்தேன். சாக்பீஸ் கோடு கண் முன்னால் இருக்கிறது, கத்தரியோ நாலு விரல் மேலே போய்விட்டது. சரி, புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று. அதே கண்ணோடு இன்சுலின் யூனிட் பார்த்திருந்தால்? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் ஏறியவர் அளவுக்குக் கவனம் தளரும் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது.

மாறி மாறி ஷிஃப்ட் வரும்போது டெலிவரி தேதி எப்படிச் சொல்கிறீர்கள்? நைட் முடிந்த அன்று மிஷினைத் தொடுவதே இல்லை என்று யாராவது கடைப்பிடிக்கிறீர்களா? அப்புறம், என் நியமன ஆணையில் 'வேறு ஊதியப் பணி' பற்றி ஒரு வரி இருக்கிறது. நர்சிங்குக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்கும் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? மேட்ரனிடம் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்?

ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.