திருவொற்றியூர் புல்தரைக்கு என்ன உரம் இடலாம்?

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்புறம் 400 சதுர அடியில் வளரும் அருகம்புல் தரையின் மண்ணைப் பரிசோதித்ததில், கார அமில நிலை (pH) 8.4, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) நடுத்தரம், உப்பின் அளவு இயல்பு என முடிவு வந்துள்ளது. மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருப்பதால் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் தேவையில்லை என்பது தெளிவு. ஆனால் குருத்து இலைகளில் பச்சையும் வெளிர்மஞ்சளுமாக நீளக் கோடுகள் ஓடுவதைப் பார்த்தால், காரத்தன்மையால் மண்ணிலுள்ள இரும்புச்சத்தைப் புல் எடுத்துக்கொள்ள இயலவில்லை என்றே தோன்றுகிறது. இதற்கு அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலை இலைவழியாகத் தெளித்தால் போதுமா, ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை கிராம் கலக்கலாம்? தழைச்சத்துக்கு, கார மண்ணின் மேற்பரப்பில் ஆவியாகி வீணாகக்கூடிய யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட்டே ஏற்றது என்று கருதுகிறேன். மணற்பாங்கான நிலம் என்பதால், ஐப்பசி மழையில் அடித்துச் செல்லப்படாதபடி அதை எத்தனை தவணைகளாகப் பிரித்து இடுவது நல்லது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.